ஐந்து பேர் சூடு

சவரியம்மாளின் வீட்டுச் சுவர்கள் மனித உடம்பின் சூட்டைக் குடித்து மின்சாரம் தருபவை. கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்துப் புதுக் குடியிருப்பு முழுக்க இந்த மெய்வெப்பச் சுவர்கள்தான். முப்பது வருட மின்சாரத்தை ஒரு கம்பெனிக்கு முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்தில் இருநூறு தொழிலாளிகளுக்கு வீட்டைச் சொந்தமாக்கித் தந்தது வீட்டு வாரியம். வேலை போனால் தோட்டம் தந்த லயன் வீடும் போகும் என்று மூன்று தலைமுறையாகப் பயந்து கிடந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

பட்டா கைக்கு வந்த அன்றே சவரியம்மாள் திருப்பூருக்குப் பெட்டி கட்டினாள். மகள் ஜெசிந்தாவுக்கு அடுத்த வாரம் பிரசவம். கதவைப் பூட்டப் போனபோது சுவர் பேசியது.

"உரிமையாளர் கவனத்துக்கு. தேவை ஐந்து பேர் வெப்பம். இருப்பது ஒருவர். பத்து நாள் வெப்பம் குறைந்தால் பட்டா ரத்து."

பக்கத்து வரிசையில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த வாரிய அதிகாரி குணபாலனிடம் ஓடினாள்.

"எந்த அஞ்சு பேரு சார்? நான் ஒண்டிக்கட்டைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கணக்கெடுப்புல நீங்க சொன்னதுதான்க்கா. நீங்க, மக, மருமகன், சம்பந்தியம்மா, பொறக்கப்போற பிள்ளை. நேத்து வரைக்கும் குறைஞ்ச சூட்டுக்கு வாரியம் பொறுப்பேத்துக்கிச்சு. இனிமே வீட்டுக்காரங்க பொறுப்பு."

சொன்னது உண்மைதான். தலை கூடினால் பெரிய வீடு கிடைக்கும் என்று எல்லாக் கணக்கெடுப்பிலும் எல்லோரும் செய்வதுதானே? அதை வரிசை முழுக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"பொய்னு தெரிஞ்சுதானே எழுதுனீங்க? என் வீட்டு டீயைக் குடிச்சுக்கிட்டே எழுதுனீங்களே, நல்லா இருப்பீங்களா?"

குணபாலனுக்குக் கோபம் வரவில்லை. "இருக்குற தலையை மட்டும் எழுதியிருந்தா கம்பெனி பணமே போட்டிருக்காதுக்கா. மகளை இங்கேயே கூட்டிக்கங்க. பச்சப்பிள்ளை உடம்பு நல்லா சூடா இருக்கும்."

சவரியம்மாள் விருட்டென்று நடையைக் கட்டினாள். கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டானே! திரும்பி வந்தபோது வரிசை முழுக்கச் சுவர்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நின்று அவளையே முறைத்தாள்.

கைப்பேசி அடித்தது. ஜெசிந்தா.

"கிளம்பிட்டியாம்மா? எனக்குப் பயமா இருக்கும்மா."

கையில் பட்டா இருந்தது. அவள் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு வீட்டுக்கு உரிமையாளராக எழுதப்பட்ட பெயர், அவளுடையது. வீட்டுக்குள் சுவர் சூட்டை உறிஞ்ச, ஸ்வெட்டருக்குள்ளும் உடம்பு குளிரில் வெடவெடத்தது.

"நீ இங்க வந்துடு கண்ணு," என்றாள். "வீடு நல்லா கதகதப்பா இருக்கு."