ஐந்து புள்ளி ஒன்று

காலை 7.10. கட்டிலை விட்டு இறங்கிய கொளஞ்சியப்பன் அலறிவிட்டார். காலின் பெருவிரல் மூட்டு தக்காளிப் பழமாகச் சிவந்திருந்தது.

அதே நேரம் சங்கராபுரம் மருந்துக்கடையில் செந்தமிழ்ச்செல்வியின் போனுக்குப் படம் வந்தது. கொளஞ்சியப்பனின் யூரிக் அமிலம் 5.1. விரலைக் குத்தி ரத்தத்தில் அளக்கும் கருவி, அதன் ஓரம் ஒரு விரல், நகத்தில் அழுக்குக் கோடு. கல்வராயன் மலையடிவாரத்துக் கவுட் என்ற மூட்டுவீக்க நோயாளிகளை போனிலேயே கவனிக்கும் மருந்தாளுநர் அவள். வாராவாரம் எண் வரும், டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டுவாள், குறைப்பாள். ஆறுக்குக் கீழே என்றால் நல்லது. ஆனால் எட்டு வாரமாக ஒரே ஒழுக்கமாக நடக்கும் எண்ணை அவள் நம்புவதில்லை.

8.00. "அமிலம் சரியாத்தானே இருக்கு? அப்போ சீழ்தான். பத்து மணிக்குக் கீறிடலாம்" என்றார் வீங்கிய காலின் படத்தையும் பார்த்த டாக்டர், போனில். சீழில்லாத மூட்டைக் கீறினால் அந்தக் கால் இனி வயலில் இறங்காது.

8.20. வீடியோவில் அழைத்தாள். கொளஞ்சியப்பன், மனைவி அம்சவள்ளி, தம்பி பூமாலை. மாத்திரையிலோ எண்ணிலோ யாரோ ஏமாற்றுகிறார்கள்; தம்பி மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

"மாத்திரை யார் வாங்கறது?"

"நான்தான். பஸ்ல வாங்கியாந்து அண்ணிகிட்ட குடுக்கறதோட சரி. இன்னாத்துக்கு என்ன கேக்கறீங்க?" என்றான் பூமாலை.

அம்சவள்ளி காலி அட்டைகளைக் காட்டினாள். கணக்குச் சரி.

கொளஞ்சியப்பன் முனகினார். "நாலு நாளா இந்த வலிங்க. முந்தாநாளு தேர்தலுக்கு ஓட்டு போடக்கூட போவல, மொத தடவையா."

செந்தமிழ்ச்செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது அழுக்கல்ல, ஓட்டு மை.

8.35. "மூணு பேரும் இடது கையக் காட்டுங்க."

கொளஞ்சியப்பன் நகத்தில் மை இல்லை. பூமாலைக்கு மை இருந்தது, ஊசி குத்திய புள்ளி இல்லை. அம்சவள்ளியின் கை முந்தானைக்குள் போயிற்று.

"அக்கா, அந்த ரத்தம் உங்களுது."

அவள் அழுதேவிட்டாள். "ஆமாங்க. மாத்திர ஆரம்பிச்ச பத்தாம் நாளே காலு ஜாஸ்தியா வீங்கிச்சு. வெசம்னு நெனச்சு அட்டையிலேர்ந்து எடுத்து ஒளிச்சிட்டு, என் சத்து மாத்திரைய குடுத்துக்கினு இருந்தேன். அவுரு வெரலையும் குத்துவேன், ஒம்போதுன்னு காட்டும். என்னுத படம் புடிச்சி அனுப்பிடுவேன்."

செந்தமிழ்ச்செல்வி உடனே டாக்டரை அழைத்துக் கத்தியை நிறுத்தினாள். பிறகு வீடியோவுக்குத் திரும்பினாள்.

"இந்த மாத்திரை மூட்டுல படிஞ்ச உப்பக் கரைக்கும்போது ஆரம்பத்துல வலி கூடும். கொஞ்ச மாசத்துல அடங்கிடும். இத மூணு தடவ சொன்னேன். யார்கிட்ட சொன்னேன், ஐயா?"

கொளஞ்சியப்பன் கூரையைப் பார்த்தார். "எங்கிட்டதாங்க. இவகிட்ட சொன்னா பயந்துகினு மாத்திரைய நிறுத்திடுவான்னு மறைச்சிட்டேன்."

"அப்போ மொதல் குத்தவாளி நீங்கதான்."

அம்சவள்ளி தன் விரலைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எட்டு தடவ இத குத்திக்கினு இருந்திருப்பனா?"