அத்தாயி பேருக்கு விட்ட மீன்

அத்தாயி தண்ணீர் குடிக்கவில்லை. தூக்குப்போசிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். தாகம் தீரக் குடிக்கட்டும் என்று நினைத்த சென்னம்மாள், சோற்றுமூட்டையை அவிழ்த்து, இலையைத் துடைத்து, புளிச்சோற்றைப் பங்கு வைத்துவிட்டுத் திரும்பியபோதும் ஆறு வயது மகள் அப்படியேதான் இருந்தாள். தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

"இதென்ன விளையாட்டு, சாமி?"

பிடரியைப் பிடித்து நிமிர்த்தினாள். பிள்ளை அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள்.

காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷத்து ஆடிப் பதினெட்டு அன்று. பங்குனியில் காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் கொல்லிமலை அருவியில் ஒரு மீனுக்கு மூக்குத்தி போட்டு விடுவதாக நேர்ந்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, புருஷன் அப்பாசாமி மகளைத் தோளில் ஏற்றிக்கொள்ள, வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். சந்தைக்கு மிளகு கொண்டுவந்து பழக்கமான, மலைமேல் ஆலத்தூர் நாட்டுக் கருப்பண்ணன் வழி காட்டினார். அருவியடி மடுவில் இறங்கும்போதே சொல்லியும் வைத்தார்.

"மீன வெளிய எடுத்தா நீங்களும் மூச்ச அடக்கிக்கோணுமுங்க. உங்களுக்கு முட்டுனா அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம். ஒடனே தண்ணியில உட்டுருங்க. புள்ள பேருக்கு எடுக்கற மீனுங்க அது."

அப்பாசாமிக்கு எதிலும் அவசரம், எதிலும் பிடிவாதம். வழுக்கிய மீனின் மூக்கில் பொன்கம்பி ஏறவில்லை. முதல் தடவையே முடித்துக் காட்டவேண்டும் என்று விடாமல் குத்தினார்.

"மூச்சு உடலீங்களே?" என்றார் கருப்பண்ணன்.

"இல்லீங்க."

சென்னம்மாள் பார்த்திருந்தாள். புருஷனின் நெஞ்சு இரண்டு தரம் ஏறி இறங்கியது. அயலார் முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள். விட்ட மீன் நீந்தாமல் ஒருக்களித்தபடி பாறையடிக்குப் போயிற்று. கருப்பண்ணன் கும்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு மேலேறிப் போனார்.

இப்போது அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. பாசி நாற்றமும், நசுங்கிய இலை வாசமும், எங்கிருந்தோ ஒரு மீன் கவிச்சியும் சேர்ந்து மூச்சில் ஏறின. யாரும் சோற்றைத் தொடவில்லை. "ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள் சென்னம்மாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

சாரல் எட்டாத மேட்டுக்கு வந்ததும் அத்தாயி அப்பன் தோளில் துள்ளினாள். இறக்கிப் பார்த்தார்கள். உதடு நீலம். விலா எலும்புகள் விரிந்து விரிந்து அடங்கின. வாய் திறந்தது, மூடியது. சத்தமே இல்லை.

"மறுபடி காய்ச்சலா?" அப்பாசாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சென்னம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். மடுவில் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி, மகளை மல்லாக்கப் படுக்கவைத்து, முகம் முழுக முழுக்கினாள்.

துள்ளல் நின்றது. நீலம் வடிந்தது. அத்தாயி தண்ணீருக்கடியில் கண் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயோ, புள்ளயக் கொல்றியா!"

அப்பாசாமி பாய்ந்து வந்து மகளை மேலே இழுத்தார். வெளியே வந்ததும் மறுபடி அந்த வாய். அந்த நீலம். சென்னம்மாள் அவர் கையைக் கடித்தாள். பிள்ளையைப் பறித்து உள்ளே அமுக்கினாள்.

"நீங்க மூச்சு உட்டீங்க. ரெண்டு தரம். நான் பாத்தனுங்க."

அவர் பின்வாங்கிக் கரையோரத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே கோயில் மேளம் ஓய்ந்தது. வெயில் பாறையை விட்டு இறங்கிற்று. சென்னம்மாளின் கைகள் மரத்துப்போயின. கை தளர்ந்தால் பிள்ளை மிதந்துவிடும். மிதந்தால் மூச்சு முட்டும். தளர்த்தவில்லை.

பாறையடியிலிருந்து ஏதோ நகர்ந்து வந்தது. ஒருக்களித்தபடி. மூக்கில் பொன்கம்பி. அத்தாயியின் கன்னத்தோரம் வந்து நின்றது.

மீனின் வாய் திறந்தது. மகளின் வாய் திறந்தது.

மூடியது. மூடியது.

திறந்தது. திறந்தது.

பிறகு மீனின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. வயிறு மெல்ல மேலே புரண்டது.

சென்னம்மாள் அந்தப் பொன்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. கைகளை இன்னும் அழுத்தினாள்.