பழசை மட்டும் எடுத்த திருடன்

"பேனாவைக் கீழ வைங்கக்கா. விசாரணை முடியட்டும்."

ஜீப்பிலிருந்து குதித்தபடியே சொன்னாள் சப்-இன்ஸ்பெக்டர் எழிலரசி. விற்பனைப் படிவத்தின் மேல் குனிந்திருந்த சவரியம்மாளின் கை நின்றது.

கடலூர், செம்மண்டலம். 2010 ஜூன். காலை 10.20.

புரோக்கர் சாமிக்கண்ணுவின் கடையில் நேற்றுவரை இரண்டு கார்கள் அருகருகே நின்றன. இரண்டும் ஒரே ரகம். 2004 மாடல், வாத்தியார் சுப்பிரமணியன் விற்கச் சொல்லி விட்டுப்போனது. 2009 மாடல், சாமிக்கண்ணுவின் சொந்தச் சரக்கு. காலையில் பழசைக் காணோம். வாத்தியார் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டார்.

சவரியம்மாள் வாரம் மூன்று நாள் கணவரை டயாலிசிஸுக்குச் சிதம்பரம் கூட்டிப்போக வேண்டும். பாதி வழியில் நிற்காத வண்டி வேண்டும். பதினொரு மணிக்கு மெக்கானிக் கிபாயத்துல்லா வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பழசுதான் போய்விட்டதே, இனி எதைப் பார்ப்பது, புதுசுக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று சாமிக்கண்ணு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சாவியெல்லாம்?"

"ரெண்டும் ஆபீஸ் ஆணியிலதான் தொங்குச்சு மேடம். பூட்ட ஒடைச்சுப் பழச மட்டும் எடுத்துட்டான்."

"புதுச விட்டுட்டா? திருடனுக்குக் கண்ணு தெரியாதா?"

"அவன் தலையெழுத்து."

எழிலரசி புதுசின் சாவியை வாங்கினாள். தட்டையான வெறும் இரும்புச் சாவி. ஒரிஜினல் தொலைந்துவிட்டதாகவும், பஸ் ஸ்டாண்டு கடையில் பத்தே நிமிடத்தில் இதை வெட்டி வாங்கியதாகவும் சாமிக்கண்ணு சொன்னார். அவள் ஏறி உட்கார்ந்து திருகினாள். முதல் திருகிலேயே இஞ்சின் பிடித்தது.

"பாத்தீங்களா மேடம், புது வண்டி புது வண்டிதான்."

எழிலரசி இஞ்சினை அணைத்தாள்.

"பழச எடுத்தது நீங்க. பக்கத்துல நின்னா ரெண்டுக்கும் ஒரே வயசுன்னு மெக்கானிக் கண்டுபிடிச்சிருப்பாரு. விபத்துல பின்பக்கம் நொறுங்குன 2009 வண்டியோட ஆர்.சி., நம்பர், முன்பக்கத் தகடு. ஒடம்பும் இஞ்சினும் 2004."

"கற்பனை மேடம். சாட்சி?"

எழிலரசி சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்க வீட்லயும் இதே ரகம்தான், 2008. போன மாசம் சாவி தொலைஞ்சு, நானும் அதே கடையில வெட்டுனேன். கதவு தொறந்துச்சு, இஞ்சின் பிடிக்கல. 2007-லேருந்து கம்பெனிக்காரன் சாவித் தலையில சிப் வைக்கிறான், அது இல்லாம இஞ்சின் பிடிக்காது. கம்பெனிச் சாவி வர்ற வரைக்கும் ஒம்பது நாள் பஸ்ஸுலதான் போனேன். உங்க 2009 மட்டும் வெறும் இரும்புச் சாவிக்கே பிடிக்குது."

சாமிக்கண்ணு சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செம்மங்குப்பம். மச்சான் குடோன்ல நிக்குது."

சவரியம்மாள் பேனாவை மூடிவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

"பாய், பதினோரு மணிக்கு இங்க வேணாம். செம்மங்குப்பம் வந்துடுங்க. பழசப் பாக்கணும்."