சுவரை விட்டு நகராத பச்சை

ராயபுரத்தில் அந்த மனநலக் காப்பகம் ஒரு காலத்தில் கப்பல் சரக்குக் கிடங்கு. பினாயில் நெடிக்கு அடியில் இன்னும் கருவாட்டு வாசனை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். உளவியல் படிக்கிற திமிரோடுதான் நுழைந்தேன்.

மனச்சிதைவு உள்ளவர்கள் கண்ணில் நிறம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது என் ஆய்வு. சிவப்பு வட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் வட்டம் பச்சையாகத் தெரியும். எல்லோருக்கும்தான். கண்ணைத் திருப்பினால் கூடவே நகரும், பிறகு மறையும்.

கத்திவாக்கத்து ஜெனி புதுச் சிவப்புச் சுடிதாரில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக அப்பா சாயங்காலம் வருகிறார்.

"வட்டம் மறைஞ்சிதா?"

"அது பூட்ச்சுக்கா. அந்தப் பொம்பளதான் போவல."

"எந்தப் பொம்பள?"

வாசலில் நின்ற நர்ஸ் ஜன்னத்தை ஜெனி ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொன்னா வூட்டுக்கு வுடமாட்டாங்க."

"நான் கீறேன்ல? ஒண்ணும் ஆவாது, சொல்லு."

"பச்சையா ஒருத்தி. செவுத்தாண்ட நிக்கிறா. கண்ணத் திருப்பினாலும் நவுர்ல."

நகரவில்லையென்றால் மாயத்தோற்றம். படித்ததை அப்படியே ஜன்னத்திடம் ஒப்பித்தேன்.

ஜெனிக்கு ஊசி போட்டார்கள். விடுப்பு ரத்து.

"நீதானக்கா சொல்லச் சொன்ன," என்றாள் ஜெனி. நாக்குக் குழறியது.

வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அவள் அப்பா, நூல் கட்டிய கேக் டப்பாவை என் கையில் திணித்தார். "முழிச்சா குடுத்துடு பாப்பா."

ஆய்வுச் சாமான்களை எடுத்துவைக்கும்போது சுவரைப் பார்த்தேன்.

பச்சை.

கண்ணைத் திருப்பினேன். அது நகரவில்லை.

பச்சை தெரிந்தால், அங்கே நின்றது சிவப்பு.

"சிஸ்டர், இந்த ரூம்ல செவப்பு போட்டுக்கினு யார்னா இருந்தாங்களா?"

ஜன்னத்தின் குரல் இறங்கியது. "வியாகுலம்மா. செவப்பு நைட்டி. மவன் வந்து இட்டுக்கினு போவான்னு அந்தச் செவுத்தாண்டயே நிக்கும். நின்னுக்கினே உசுரு பூட்ச்சு. உனக்கு யாரு சொன்னது?"

ஜெனி சொன்னது நிஜம் என்று அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தினால் அடுத்த ஊசி எனக்கு. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். படித்த கோழை.

விடிந்ததும் திருவொற்றியூரில், எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரில், பச்சை.

நைட்டி இல்லை.

சுடிதார். மார்போடு அணைத்த பை.

கண்ணைத் திருப்பினேன். நகரவில்லை. காப்பகத்தில் விசாரிக்கப் போனை எடுத்தேன், எண்ணை அழுத்தாமலே வைத்தேன்.

கொடுக்க மறந்து கொண்டுவந்த கேக் டப்பா மேசைமேல் இருந்தது.

அதன் நூல் அவிழ்ந்திருந்தது.