பத்து நாளில் தீர்ந்த அட்டை

இந்தக் காலத்தில் எவனும் எதையும் வாயைத் திறந்து விளக்கமாகச் சொல்வதில்லை. சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறான். அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியது சாகப்போகிறவன்.

முட்டுக்காட்டுப் படகோட்டி சடையப்பன் இப்படிப் பொருமிக்கொண்டே கேளம்பாக்கத்தில் இறங்கினார். ஓய்வுபெற்ற போலீஸ் ரைட்டர் நரசிம்மன் வாசலுக்கு வந்தார். ஆட்டோவுக்குள் சடையப்பனின் மருமகள் சுஜாதா, மடியில் தகரப் பெட்டியோடு அழுதுகொண்டிருந்தாள்.

"இவ எனக்கு விஷம் வெக்குறா, ரைட்டரய்யா. நீங்க ஆமான்னா, இப்பவே இவ ஆத்தா வூட்ல எறக்கிடுவேன்."

"உடம்புக்கு இன்னா?"

"படுத்தா காலுக்குள்ள புழு நெளியும். நடந்தாத்தான் அடங்கும். மொதல்ல குடுத்த நரம்பு மாத்திரைல காலைல தல சுத்துச்சு. டாக்டரம்மா வேற குடுத்தாங்க. அத்த துன்னதுலேர்ந்து வாந்தி. நேத்து துடுப்பப் புடிச்சுகினே தூங்கி, தண்ணில வுழுந்தேன்!"

ஆட்டோக்காரன் ஞானதாஸ் குதித்தான். "அது கைநடுக்கத்துக்குக் குடுக்குற மாத்திரையாம், சார்! கடைல கேட்டேன். இவருக்கு எங்க நடுங்குது? சுஜாதாதான் மாத்திட்டா!"

"கைநடுக்கம், கால் குடைச்சல் ரெண்டுக்கும் அதே மாத்திரைதான்டா. அளவுதான் வேற," என்றார் நரசிம்மன்.

மருந்து உறையை வாங்கிப் படித்தார். 'பத்து மாத்திரை. இரவு கால் மாத்திரை. நாற்பது நாள் கழித்து வரவும்.' உள்ளே அட்டை காலி.

"எப்ப தீர்ந்துது?"

"நேத்து ராவு. பத்து நாளாச்சு."

"பத்து நாளா கால் குடைஞ்சுதா?"

சடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்ல."

"விஷம் காலைக் குணமாக்குமா? சுஜாதா, நீ எப்படிம்மா குடுத்த?"

"கால் மாத்திரைன்னு போட்டிருக்கே, சார். தலைவலி மாத்திரை மாதிரி, இது காலுக்கு. தெனம் முழுசா ஒண்ணு குடுத்தேன்."

"பத்து மாத்திரை நாப்பது நாளைக்கு வரணும்னா ஒண்ணை நாலா ஒடைக்கணும். கால்வாசிம்மா!"

சுஜாதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவே போய் டாக்டரம்மாகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. ரத்தத்துல இரும்புச் சத்து கம்மியான்னும் பாக்கச் சொல்லுங்க. கம்மியா இருந்தா இரும்பு மாத்திரையே போதும்னாலும் சொல்லுவாங்க. எது நல்லதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

சடையப்பன் உறையைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஞானதாஸு, இவளையும் பொட்டியையும் நம்ம வூட்லயே வுடு."

"வாங்க மாமா, சேர்ந்தே போலாம்," என்றாள் சுஜாதா.

"நீ போம்மே! கால்வாசின்னு எழுதினா அந்தம்மாவுக்கு மை தீந்துடுமா? இதுல இன்னாவோ கீது."

ஆஸ்பத்திரிப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார். நடக்க நடக்க உறையைத் தூக்கிப் பிடித்து முணுமுணுத்தார்: "கால்னா கால்தானே?"