ஒலிவாஸ் வைத்த தண்ணீர்

ஏற்றியது ஆறு தண்ணீர்க் கேன்கள். எல்பர்ட் ஹாஸ்கெட் தம் கையாலேயே ஒவ்வொன்றாக நிரப்பி, மூடியை இறுக்கி, பிக்கப் வண்டியின் பின்தட்டில் வரிசையாக வைத்துக் கயிறு கட்டியிருந்தார். கல்லும் மணலுமான நாற்பத்தொரு மைல் தடத்தில் ஆறு மணி நேரம் வண்டியை உருட்டி, மாலை வெயில் குன்றுகளின் விலாவில் சாய்ந்த நேரத்தில் முகாம் இடத்துக்கு வந்து தார்ப்பாயை விலக்கியபோது, ஏழு இருந்தன.

ஏழாவது கேன் அல்ல, கண்ணாடி ஜாடி. அந்தக் காலத்தில் ஆப்பிள் சாறு விற்ற, ஒரு கேலன் பிடிக்கும் ஜாடி. கழுத்தில் விரல் நுழைக்க ஒரு வளையம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவந்த மண் கிடந்தது. வயிற்றில் பழுப்பேறிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இரும்பே நெளியும் தடத்தில் இத்தனை தூரம் உருண்டு வந்தும் அதில் ஒரு கீறல் விழவில்லை.

எல்பர்ட் அதைத் தொடவில்லை.

"என்ன அண்ணே, கம்பம் மாதிரி நிக்கிற? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" அவர் தங்கை டெல்ஃபா மடக்கு நாற்காலியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இந்தப் பழைய ஜாடி எதுக்கு? பரண்ல இருந்த குப்பையை எல்லாம் அள்ளிப் போட்டுட்டு வந்தியா?"

"பரண்லதான் இருந்திருக்கும்."

அவள் பிளாஸ்திரியில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மை மங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. "ஆர். ஒலிவாஸ். ஜூன் பதினாலு. யாரு அண்ணே இது?"

"தெரியாது."

சொன்ன மறுகணமே அந்தச் சத்தம் கேட்டது. கொளக். ஒரு முறை மட்டும். கேன்கள் இருந்த பக்கத்திலிருந்து. சூடேறிய பிளாஸ்டிக் குளிரும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று எல்பர்ட் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் எந்த ஏட்டிலும் எழுதப்படாத சட்டம். தடத்தில் நடக்கிறவன் வழியில் ஓரிடத்தில் தண்ணீரைப் புதைத்து வைத்துப் போவான். தன் பெயரையும் திரும்பி வரும் நாளையும் அதில் எழுதி வைப்பான். அந்த நாள் கடக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. குடிக்க வேண்டுமென்றால் உரியவனைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். கொலைகாரனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் உட்காருவார்கள்; பெயர் எழுதிய தண்ணீரை எடுத்தவனோடு உட்கார மாட்டார்கள்.

எல்பர்ட்டின் தந்தை அமோஸ் ஹாஸ்கெட் இந்தச் சட்டத்தை மாதாகோயில் படியில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னவர். தடத்தின் பாதியை அவரே கடப்பாரை போட்டுத் திறந்தார். திங்கட்கிழமை கவுண்டி ஆட்கள் வந்து, இந்த முகாமுக்கு மேலே உள்ள வளைவில் குழி தோண்டி, 'அமோஸ் ஹாஸ்கெட் சாலை' என்று பலகை நடப் போகிறார்கள்.

அந்தக் குழிதான் எல்பர்ட்டின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்கள் தோண்டப் போகும் அதே இடத்தில், ஐம்பது வருஷத்துக்கு முன்னால், தம் இருபத்தொன்றாம் வயதில், இந்த ஜாடியை அவர்தான் புதைத்தார். யார் மண்வெட்டியிலும் படாமல் அதை எடுத்துவிடவே இன்று புறப்பட்டார். அப்பாவின் முகாமைப் பார்க்க வேண்டும் என்று டெல்ஃபா கடைசி நிமிடத்தில் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் தூங்கியதும் தோண்டலாம் என்றிருந்தார்.

தோண்டி எடுக்க வந்த ஜாடி, அவருக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் பீன்ஸைச் சூடாக்கி, சோள ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்தாள். காற்று நின்றிருந்தது. இரண்டாவது மாட்டு வேலியைத் தாண்டிய பிறகு கைபேசிக்கு உயிர் இல்லை. திங்கட்கிழமை வரை இந்தப் பக்கம் ஒரு சக்கரமும் உருளாது. அடுப்பை அணைத்ததும் இருட்டு நாலாபுறமும் கிட்டே வந்து உட்கார்ந்தது.

"இப்பதான் ஞாபகம் வருது," என்றாள் டெல்ஃபா. "ஒலிவாஸ்! பள்ளிக்கூட வாத்தியார். கள்ளிச் செடி விதை சேர்க்கறேன்னு தனியாவே நடப்பாரே, அவர். இங்கதானே செத்துக் கிடந்தாரு? எனக்குப் பதினாறு வயசு."

"ம்."

"அப்பாதானே தேடுற கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தாரு? வாத்தியார் தண்ணி வைக்க மறந்துட்டாருன்னு அப்பா சொன்னாரே. அவரோட அம்மா மட்டும் சாகற வரைக்கும் ஒத்துக்கல. 'எம் புள்ள தண்ணி வைக்காமப் போறவன் இல்ல'ன்னு கடைத்தெருவுல நின்னு அழும். ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், கடவுள் மன்னிக்கணும்." அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜாடியில அவர் பேர் இருக்கு அண்ணே. நாளும் இருக்கு. அப்ப அவர் தண்ணி வச்சிருக்காரு. இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?"

டெல்ஃபா முப்பது வருஷம் கவுண்டி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். தன் சொந்த மகன் வேலியை இரண்டடி தள்ளிப் போட்டபோது தானே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தவள். உண்மை தெரிந்தால் திங்கட்கிழமை பலகைக்கு முன்னால் நின்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவாள். அதன் பிறகு ஹாஸ்கெட் என்ற பெயரை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

"தேடுன அன்னைக்கு அப்பா கண்டெடுத்திருப்பாரு," என்றார் எல்பர்ட். "காலி ஜாடி. வேற எப்பவோ வச்சதா இருக்கும். அவர் மறந்ததுதான் உண்மை."

கொளக். கொளக். கொளக்.

"கேட்டுச்சா?" என்றார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. படு."

அவள் கூடாரத்துக்குள் போனாள். எல்பர்ட் நாற்காலியிலேயே இருந்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். குறுகிய கழுத்துள்ள ஜாடியைக் கவிழ்த்தால் தண்ணீர் நேராக இறங்காது. ஒரு மடக்கு இறங்கும், ஜாடி மூச்சு வாங்கும், மறுபடி ஒரு மடக்கு இறங்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கையில்தான் புனல் இருந்தது. இந்த வளைவில் வண்டி கொதித்து நின்றது. உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஐந்து மைல் பின்னால் ஒரு பண்ணைக்காரர் முகாமிட்டிருந்தார், நடந்து போய்க் கேட்டிருந்தால் வண்டியை இழுத்துக் கொடுத்திருப்பார். "ஹாஸ்கெட் வண்டியை இன்னொருத்தன் சங்கிலி போட்டு இழுத்தான்னு ஒருத்தனும் பேசக் கூடாது," என்றார் அப்பா. பாறைக்கடியில் புதைத்திருந்த ஜாடியை எடுத்துவரச் சொன்னார். பெயரைப் படித்தார். நாளையும் படித்தார். ரேடியேட்டரில் ஊற்றினார்.

நாளைக்கே நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றார். மறுநாள் மாட்டுச் சந்தை. அதற்கு மறுநாள் மாதாகோயில் விருந்து. பதினொன்றாம் நாள் தேடப் போனபோது ஒலிவாஸ் அந்தப் பாறைக்கு முன்னால் மண்டியிட்ட நிலையில் இருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை மண்ணுக்குள். வெளியே இழுத்தபோது விரல்களில் நகம் இல்லை. தண்ணீர் இங்கேதான் இருக்கிறது என்று கடைசி வரை நம்பித் தோண்டியிருக்கிறார். அன்றிரவே அப்பா சொன்னபடி, வண்டியில் கிடந்த காலி ஜாடியை எல்பர்ட் அதே வளைவில் புதைத்தார்.

டெல்ஃபாவின் மூச்சு சீரானதும் எல்பர்ட் எழுந்தார். ஜாடியின் கழுத்து வளையத்தில் விரலை நுழைத்துத் தூக்கினார். ஜில்லென்றிருந்தது. நாளெல்லாம் ஜூன் மாத வெயிலில் வெந்த கண்ணாடி, கிணற்றிலிருந்து எடுத்ததைப் போல.

வளைவு வேண்டாம் என்று முடிவு செய்தார். எதிர்ப்பக்கம் சரிவில் இறங்கினால் ஓடைப்படுகை, அங்கே யாரும் தோண்டப் போவதில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் ஜாடியுமாக நடந்தார். கிரியோசோட் என்கிற பாலைவனப் புதர்களிலிருந்து மழை வாசனை வந்தது. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் அந்த வாசனைக்கு இந்த நாட்டுக்காரன் எவனும் தூக்கத்திலிருந்து எழுந்து வாசலுக்கு ஓடி வருவான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். சாம்பலைப் போலக் காய்ந்திருந்தது. வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

படுகையில் ஒரு குழி இருந்தது.

புதிய குழி. மண்வெட்டி வெட்டியது அல்ல. ஓரமெல்லாம் விரல் தடம். பத்து விரல்கள், மேலிருந்து கீழாக, மறுபடி மறுபடி. குழிக்கு முன்னால் இரண்டு முழங்கால்கள் ஊன்றிய பள்ளம்.

ஜாடியைக் குழிக்குள் போட்டார். மண்ணைத் தள்ளினார். கல்லை உருட்டினார். இன்னொரு கல். இன்னொன்று. திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

பின்னால் கல் நகர்ந்தது.

அவர் நிற்கவில்லை.

பின்னால் மண் சுரண்டும் சத்தம். அவசரமில்லாத சத்தம். நேரம் நிறைய இருக்கிறவன் தோண்டுவது போல.

முகாமுக்கு வந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் கேனைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது தலைக்கு மேல் போயிற்று. காற்றுதான் இருந்தது. மூடி இறுக்கியபடியே இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஆறும். அடியில் ஈரம்கூட இல்லை. பின்தட்டில் ஒழுகிய தடம் இல்லை. வண்டியின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள் விளக்கைப் பிடித்தார்.

காய்ந்த குழாய். சிவந்த மண்.

வண்டியின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். எழுப்பிச் சொல்லிவிடலாம். இப்போதே. 'அப்பா எடுத்தார், நான் புனல் பிடித்தேன்.' எட்டு வார்த்தைகூட ஆகாது. வாயைத் திறந்து பார்த்தார். பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் பெயர் கண்ணுக்கு முன் நின்றது. விடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். எப்போது கண் அயர்ந்தாரோ தெரியாது.

விடிந்தபோது டெல்ஃபா பின்தட்டின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜாடி.

நிரம்பியிருந்தது. கழுத்து வரை. தெளிந்த தண்ணீருக்குள் கீழ்வானம் ரோஜா நிறத்தில் அசைந்தது. கண்ணாடிக்கு வெளியே பனித்துளி வேர்த்து அவள் முழங்காலில் சொட்டியது.

"கேன் எல்லாம் காலி," என்றாள். குரல் உலர்ந்திருந்தது. "என்ன செஞ்சே, ராத்திரி எழுந்து குளிச்சியா? நல்லவேளை இது இருக்கு. நேத்து வெத்து ஜாடின்னு பார்த்தேன், நீதான் நிரப்பினியா?"

அவர் தலை ஆடியது. ஆமென்றா இல்லையென்றா என்று அவருக்கே தெரியவில்லை.

"இங்க பாரு, பிளாஸ்திரியில பேரும் அழிஞ்சு போச்சு." திருப்பிக் காட்டினாள். பழுப்பு போய், இப்போது ஒட்டியது போல வெளுத்திருந்தது. அதில் ஒரு கோடு இல்லை. உதடு வெடித்திருந்தாலும் அவள் குடிக்கவில்லை. ஹாஸ்கெட் வீட்டில் வளர்ந்தவள். "யாரோட தண்ணி அண்ணே இது? சொல்லு. கேக்காமக் குடிக்க மாட்டேன்."

குன்றுகளில் ஒரு குருவி கூடக் கத்தவில்லை. வளைவுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். பலகை நட வேண்டிய இடத்தில் ஒன்று மண்டியிட்டிருந்தது. மெலிந்து, மண் நிறத்தில். கைகள் முழங்கை வரை பூமிக்குள். தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அதுவும் பதிலுக்காகத்தான் காத்திருந்தது.

ஒரு பெயர் சொன்னால் போதும்.

எல்பர்ட் முதுகை நிமிர்த்தினார். சட்டைப் பையிலிருந்து தச்சன் பென்சிலை எடுத்தார். ஜாடியை அவள் மடியில் வைத்தபடியே, அந்த வெள்ளைப் பிளாஸ்திரியில், கை நடுங்காமல், பெரிய எழுத்தில் எழுதினார். ஹாஸ்கெட். கீழே தேதி போட்டார்.

"நம்ம தண்ணிதான்," என்றார். "குடி."

வளைவில் இருந்த தலை மெல்லக் கவிழ்ந்தது. அது மறுபடி தோண்டத் தொடங்கியது.

டெல்ஃபா இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கி வாயில் வைத்தாள். கொளக். ஜாடி மூச்சு வாங்கியது. கொளக்.

"அப்பாடா," என்றாள், ஒரு கணம் வாயை எடுத்து. "எவ்வளவு குளிர்ச்சி."

அவள் உதட்டோரத்தில் வழிந்தது மணல். சிவந்த, பொடிந்த, உலர்ந்த மணல். தாடையில் இறங்கி, சட்டைக் கழுத்துக்குள் சரிந்தது. அவள் கண்ணை மூடி மறுபடி ஜாடியைக் கவிழ்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பின்தட்டில் அவளைச் சுற்றி மணல் குவிந்துகொண்டே இருந்தது. ஜாடியில் தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை. அதன் வயிற்றில் அவர் எழுதிய பெயர், ஒவ்வொரு மடக்குக்கும் கறுத்துக்கொண்டே வந்தது.