இரண்டிரண்டாக

மணி தப்பாக அடித்தது. ஆண் செத்தால் மும்மூன்றாக, பெண் செத்தால் இரண்டிரண்டாக. சான்-வெரான் என்ற அந்தப் பிரெஞ்சுக் கிராமத்தில் குழந்தைக்குக்கூட இது தெரியும். செத்தது ஓடீலின் கணவன் ஃபிர்மின். கேட்டதோ இரண்டிரண்டாக.

"மணியடிக்கிற குடிகாரனுக்கு இன்னிக்குமா போதை?" என்று முணுமுணுத்தாள் ஓடீல். காலையில் ஃபிர்மினின் கண்களை மூடி, நல்ல கோட்டைப் போட்டுவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மறைத்தவள் அவள்தான். இன்னும் அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது. கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஈர இலைகள் அழுகிக் கிடந்த சந்து வழியாக நடந்து, மெழுகும் பாசியும் மணக்கும் அந்தப் பழைய கல் கோயிலுக்குள் அவள் நுழைந்தபோது, மணியடிக்கும் பஸீல் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். குடித்திருக்கவில்லை.

"போனது என் வீட்டுக்காரருப்பா. மாத்தி அடி."

"மூணாத்தான் இழுத்தேன்க்கா. அது ரெண்டோட நின்னுக்கிச்சு." அவன் நிமிரவில்லை. "மணி யாரைக் கேக்குதோ அவங்களத்தானே குடுக்கணும்? எங்கப்பா செத்தன்னிக்கும் இப்படித்தானே அடிச்சது? ரொட்டி அறுத்துக்கிட்டிருந்த அம்மாவை நீங்கதானே படுக்க வச்சீங்க? அப்பா இன்னும் தோட்டத்துல கொத்திக்கிட்டுத்தான் இருக்காரு."

மறப்பாளா? அன்று கிழவியின் கால்களை அமுக்கிப் பிடித்தவள் அவள்.

வீடு திரும்பியபோது வெங்காய சூப்பு மணத்தது. பக்கத்து வீட்டு சிடோனி ஓடீலின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பை எடுத்து வைத்திருந்தாள். கட்டிலில் புது விரிப்பு. ஃபிர்மின் இல்லை.

"வாங்கக்கா, சூப்பு ஆறிடும். சட்டுனு முடிச்சிடலாம்."

"பயமா இருக்கு சிடோனி."

"இருக்கும்க்கா. கொஞ்ச நேரந்தான்."

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. கால் வரவில்லை. படுத்தாள். மெத்தையில் அவன் கிடந்த பள்ளம் இன்னும் சில்லென்றிருந்தது. அதுவும் கொஞ்சத்தில் தெரியாமல் போயிற்று.

ஊரார் வரிசையாக வந்தார்கள். பசுந்தழையைத் தீர்த்தத்தில் தோய்த்து அவள்மேல் தெளித்தார்கள். முகத்தில் விழுந்தது. ஈரம் தெரியவில்லை. கூப்பிடப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை.

கடிகாரம் ஓடத் தொடங்கியது.

கடைசியாக ஒருவன். அதே கோட்டு. அவள் மூடிவிட்ட அவன் கண்கள். திறந்திருந்தன.

ஃபிர்மின் தழையை வைத்துவிட்டுக் குனிந்தான். காலையில் அவள் செய்தது போலவே, கட்டைவிரலால் அவள் இமைகளை மெல்லக் கீழே இழுத்தான்.

உள்ளே அவள் விழித்துக்கொண்டிருந்தாள்.